இன்ஜினுக்கும் விசிறிக்கும் பொருத்தம் பார்த்த கதை

எங்கள் குடும்பத்தில் ஜாதகப் பொருத்தம் என்றால் அக்காதான். யாருக்கு என்ன நட்சத்திரம், எந்த ராசிக்கு எது ஆகாது என்று பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வாள். போன வருடம் அவள் வீட்டிலேயே நான் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டி வந்தது. பெண், 80 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் இன்ஜின். மாப்பிள்ளை, விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி.

ஆமாம், விமானம்தான். என் அக்கா மகன் சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற சாலையோரத் தோப்பில் கொட்டகை போட்டு, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய குட்டி விமானத்தை நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். மரச்சட்டம், அதன்மேல் துணி. சம்பளத்தில் பாதி அதற்குத்தான் போகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் "றெக்கை முடியட்டும்மா" என்பான்.

றெக்கை முடிந்த மறுவாரம் அக்கா போன் செய்தாள். "தம்பி, இத்தனை நாள் பேசாம இருந்தேன். இப்போ விசிறி வாங்கப் போறானாம். அதையும் மாட்டிட்டா பறந்துடுவான்டா. நீ சொன்னாத்தான் கேப்பான்."

நான் கடலூர் முதுநகரில் 30 வருடமாகப் படகு இன்ஜின் வேலை பார்ப்பவன். 'வேண்டாம்' என்று சொல்வதற்காகத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஆனால் வேண்டாம் என்றால் அவன் கேட்கப்போவதில்லை. என்னிடம் கேட்காமல் ஏதோ ஒன்றை வாங்கிவிடுவான். சரியான விசிறியை எடுக்க வைப்பதுதான் அக்காவுக்கு நான் செய்யக்கூடிய உதவி என்று தோன்றியது.

அவனுக்கு முன்மாதிரிகளும் இருந்தார்கள். கேரளாவின் தொடுபுழாவைச் சேர்ந்த சஜி தாமஸ், காது கேளாத, வாய் பேசாத மனிதர். அவர் கட்டிய சிறு விமானத்தை 2014-ல் நம்ம திருநெல்வேலி மணிமுத்தாறில்தான் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மும்பையில் வீட்டு மொட்டை மாடியிலேயே விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவ், 2016-ல் அதைப் பொதுக் கண்காட்சியில் வைத்தார். 2017-ல்தான் டிஜிசிஏ பதிவு கிடைத்தது. வீட்டில் கட்டியதாக இருந்தாலும் பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கக் கூடாது. அதில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கருத்து வேறுபாடு விசிறியில்தான்.

அவன் முதலில் காட்டியது ஒரு பழைய அலுமினிய விசிறி. பெரிய விமானத்திலிருந்து கழற்றியது, 1.8 மீட்டர் நீளம், பளபளவென்று இருந்தது, விலையும் பாதி. "மாமா, இரும்பு மாதிரி இருக்கு பாருங்க" என்றான்.

"இரும்பு மாதிரி இருக்கு. ஆனா ஜாதகம் எங்க?" என்றேன்.

அவன் இன்ஜினில் இடையே பல்சக்கரம் கிடையாது; விசிறி நேராகக் கிராங்க் ஷாஃப்டில் உட்காரும். இன்ஜின் நிமிடத்துக்கு 3300 சுற்று சுற்றினால் விசிறிக்கும் அதே வேகம். 1.8 மீட்டர் விசிறியின் நுனி அப்போது விநாடிக்கு 311 மீட்டர் வேகத்தில் ஓடும். நம்ம ஊர் வெயிலில் ஒலியின் வேகமே சுமார் 350 மீட்டர்தான். அந்த வேகத்தை நெருங்க நெருங்க விசிறி காற்றைத் தள்ளுவதை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பிக்கும். இன்ஜினின் பலம் சத்தமாக வீணாகும். விசிறியை 1.5 மீட்டராகக் குறைத்தால் நுனி வேகம் 259 மீட்டருக்கு இறங்கிவிடும்.

"அப்போ நுனியை அறுத்துடலாமே மாமா?"

அதுதான் ஆபத்து. ஒவ்வொரு விசிறிக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு, கோயில் மணிக்கு ஒரு நாதம் இருப்பதுபோல. இன்ஜினின் துடிப்பும் அந்த அதிர்வும் ஒத்துப்போனால், உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து வளரும். அதனால்தான் உலோக விசிறியை எந்த இன்ஜினோடு சோதித்தார்களோ அதில் மட்டும் மாட்டுகிறார்கள். அறுத்தால் அதன் அதிர்வே மாறிவிடும். பழைய சோதனை செல்லாது.

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ எடை, மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 3300 வேகத்தில் சுற்றினால் அது வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட 6 டன். நுனியிலிருந்து வெறும் 10 கிராம் துண்டு உடைந்து போனால், சுமார் 90 கிலோ இழுவை ஒரு பக்கம் இல்லாமல் போகும். விநாடிக்கு 55 தடவை அந்த உதறல். இன்ஜினையே அதன் இருக்கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். மாப்பிள்ளை அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அலுமினிய விசிறி அத்தோடு போனது.

அடுத்து, "நானே செதுக்குறேன்" என்றான். உலகம் முழுக்க அப்படிச் செதுக்கிப் பறப்பவர்கள் உண்டு. ரைட் சகோதரர்களும் மரப்பலகைகளை ஒட்டித்தான் 1903-ல் தங்கள் விசிறிகளைச் செதுக்கினார்கள், ஒவ்வொன்றும் எட்டரை அடி. முதலில் அவர்கள் கப்பல் விசிறிக் கணக்குகளில் உதவி தேடினார்கள்; அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் விசிறி என்பது சுழலும் இறக்கை என்று புரிந்துகொண்டு, புதிதாகக் கணக்கே போட்டார்கள். கப்பல் விசிறி அவர்களுக்கு வழிகாட்டவில்லை என்றால் படகு மெக்கானிக் நான் எம்மாத்திரம்? மையத்திலிருந்து நுனி வரை சாய்வு மாறிக்கொண்டே போக வேண்டும். மரத்துக்குள் ஒரு முடிச்சு ஒளிந்திருக்கக் கூடாது. முதல் விமானத்துக்கு முதல் விசிறி என்று இரண்டு சோதனையை ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டான்.

கடைசியில் நின்றது, அதே வகை இன்ஜினுக்கு ஏற்கெனவே விசிறி செய்து தந்த ஒருவரிடம் மர விசிறி வாங்குவது. மரம் அதிர்வை உள்ளேயே வாங்கி அடக்கிக்கொள்ளும். நீளம் 1.5 மீட்டர் என்று முடிவானது. பிறகு வந்தது 'பிட்ச்'. திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு மரத்துக்குள் இறங்குகிறதோ, அதுபோல விசிறி ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்கு.

இங்கே என் தொழில் கொஞ்சம் உதவியது. வலையை இழுத்துப் போகும் விசைப்படகுக்கு ஒரு விசிறி, விரைந்து ஓடும் ஃபைபர் படகுக்கு வேறொரு விசிறி. சைக்கிளில் மேடு ஏறும் கியரும் சமதள கியரும் வேறு அல்லவா? விமானத்திலும் அப்படித்தான். பிட்ச் குறைவாக இருந்தால் சீக்கிரம் தரையை விட்டு எழும்பும், நன்றாக ஏறும். மேலே போன பிறகு வேகம் மட்டுப்படும். பிட்ச் அதிகமானால் மேலே வேகம் கிடைக்கும். ஆனால் கிளம்பும்போது இன்ஜின் திணறும், ஓடுபாதை நீண்டுகொண்டே போகும். இவன் வாங்குவது சாய்வை மாற்ற முடியாத விசிறி. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

அவன் வேகம் கேட்டான். நான் வெயிலைக் காட்டினேன்.

பெங்களூரில் உருவான இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஹன்சா என்ஜி. 2022 பிப்ரவரி 19 முதல் மார்ச் 5 வரை அதை நம்ம புதுச்சேரிக்குக் கொண்டுவந்து 18 மணி நேரம் பறக்கவிட்டார்கள். கடல் மட்டத்தில் எப்படி ஏறுகிறது, எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காகவே. பெங்களூர் 900 மீட்டர் மேட்டில் இருக்கிறது. அங்கே காற்று லேசு. கடலோரத்தில் காற்று கனம். விசிறிக்கு நல்ல பிடி. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் 40 டிகிரி அடித்தால், கடற்கரைக் காற்றே 900 மீட்டர் உயரத்துக் குளிர்காலைக் காற்றைப்போல இளைத்துவிடும். அப்போது இன்ஜினின் பலம் குறையும், இறக்கையின் தூக்கல் குறையும், விசிறியின் பிடி குறையும். மூன்றும் ஒரே நேரத்தில். ஓடுபாதை முடியும் இடத்தில் தென்னை நின்றால், அங்கே பத்து கிலோமீட்டர் அதிக வேகத்தால் என்ன பயன்?

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குறைந்த பிட்ச்சுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டு, "மாமா, மேடு ஏறும் கியர்" என்று மெசேஜ் அனுப்பினான்.

மர விசிறிக்கும் குணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுக் கதவு ஊதிச் சாத்த முடியாமல் போகிறதே, அதே போல விசிறியின் நடுப்பகுதியும் ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். சுருங்கினால் போல்ட் தளரும். தளர்ந்தால் உராய்ந்து மரம் கருகும். பருவம் மாறும்போதெல்லாம் டார்க் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது விசிறியைப் படுக்கைவாட்டில் விட வேண்டும். நெட்டுக்கு நின்றால் ஈரம் கீழ்ப் பக்கம் இறங்கி எடை மாறும். இதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு விசிறி வந்தது. நான்கு வருடமாகக் கொட்டகைக்குள் காலடி வைக்காத அக்கா, பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். விசிறியின் இரண்டு நுனியிலும் பொட்டு வைக்கப் போனவளை அவன் தடுத்தான். "அம்மா, நுனியில ஒரு கிராம் சந்தனம் கூடினா, சுத்தும்போது ஒன்பது கிலோ இழுக்கும். நடுவுல வைங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். விசிறியின் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "முதல் தடவை ஓட்டிப் பாக்கறப்ப நான் எங்க நிக்கணும்?"

"விசிறிக்கு நேர் பக்கத்துலயும் நிக்கக் கூடாது, முன்னாடியும் நிக்கக் கூடாது. நல்லாப் பின்னால தள்ளி நிக்கணும்" என்றான். அக்கா கொட்டகை ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், அவன் காட்டிய இடத்தில் போட்டுப் பார்த்தாள்.