பெண்களும் இளைப்பாற ஒரு பயணம்

எமது பிரதேசத்துப் பெண்களுக்குப் பயணம் என்பது நீண்ட காலமாக நல்ல சொல்லாக இருக்கவில்லை. யுத்த காலத்தில் பயணம் என்றால் இடம்பெயர்வு. அதன் பின்னர் ஆஸ்பத்திரி, தடுப்பு முகாம், ஆணைக்குழு விசாரணை, வெளிநாட்டு வேலைக்காகக் கொழும்பு முகவரின் அலுவலகம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு, கூடாரத்திலிருந்து தற்காலிகக் கொட்டிலுக்கு. சந்தோஷத்துக்காகக் கடைசியாக எங்கே போனீர்கள் என்று எமது மாதாந்தக் கூட்டமொன்றில் கேட்டபோது ஒருவர் பாடசாலைக் காலச் சுற்றுலாவைச் சொன்னார். இன்னொருவர் கல்யாணமான புதிதில் கண்டிக்குப் போனதைச் சொன்னார். பலர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் பிள்ளைகளின் ஆசை பேச்சுக்கு வந்தது. ஹன்வெல்லயில் இருக்கும் லெஷர் வேர்ல்ட் பூங்காவைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, ராட்டினம் ஏற வேண்டும், நீர்ச்சறுக்கில் விளையாட வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது தாய்மாரும் பதினொரு பிள்ளைகளும் பெயர் கொடுத்தார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முஸ்லிம் சகோதரிகளோடு பாண்டிருப்புத் தமிழ்ச் சகோதரிகளும் அதில் இருந்தார்கள். கடன் எடுப்பதில்லை என்பதே முதல் தீர்மானம். ஏற்கனவே நுண்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்பப் பயணத்துக்காக இன்னொரு கடனில் விழக்கூடாது. எட்டு மாதம் கிழமைக்கு ஒருமுறை சிறு தொகை சேர்த்தோம். கணக்குக் கொப்பியை விரும்பியவர் எந்நேரமும் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் இவ்வாறான பயணங்களை ஒழுங்கு செய்வதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1955 ஜூலை 17இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட் போன்ற பூங்காக்களுக்குக் குடும்பங்களை அனுப்புவதையே சிலர் முழுநேரத் தொழிலாகச் செய்கிறார்கள். அவர்களுக்குரிய தரகைப் பெரும்பாலும் பூங்காவோ ஹோட்டலோ கொடுத்துவிடும். எமது ஊர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆலோசகர் என்ற பெயர்ப்பலகைதான் இல்லை. கல்முனையில் பஸ், வான் ஒழுங்கு செய்து கொடுக்கும் ஒருவரிடம் நாம் போனோம். எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த எண்ணெய் நிலையத்தில் மலசலகூடம் துப்புரவாக இருக்கும், எந்தப் பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடமுண்டு என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

வாடகையைச் சொல்ல முன்னர் அவர் நான்கு கேள்விகள் கேட்டார். பிள்ளைகளின் வயது என்ன? யாருக்கு வாந்தி வரும்? யாருக்குச் சீனி வருத்தம்? யாருக்குப் படி ஏற முடியாது? நாம் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். யாருக்கு எதில் பயம்?

இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்டுப் பயனில்லை. பலர் முன்னிலையில் "எனக்கு ஒண்டுமில்ல" என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தனித்தனியாகக் கேட்டோம். பயணத்தின் பாதை, நேரம், நாள் எல்லாம் அந்தப் பதில்களால்தான் மாறின.

பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புப் பக்கம் போக எமக்குப் பல வழிகள் உண்டு. மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை ஊடாகப் போனால் வீதி சமதரை, வளைவுகள் குறைவு. அம்பாறை, மகியங்கனை ஊடாகக் கண்டிக்கு ஏறினால் பதினெட்டு வளைவு வரும். வாந்தி வருபவர்களுக்கு முதலாவது வழிதான் நல்லது என்றார் காக்கா. வாடகை வாகனங்களின் வழக்கப்படி இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் தங்குமிடச் செலவும் மிச்சம்.

ஆனால் மருதமுனையில் நெசவு செய்யும் ஒரு ராத்தா வீட்டில் வைத்து எம்மிடம் சொன்னார்: "ராவையில அந்த ரோட்டால நான் வரமாட்டன் தங்கச்சி. பகலண்டா வாறன்." கல்முனை – மட்டக்களப்பு வீதியில்தான் குருக்கள்மடம் இருக்கிறது. 1990 ஜூலையில் அங்கு முஸ்லிம் பிரயாணிகள் மறிக்கப்பட்டுக் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் கடமையை முடித்துத் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அந்தக் கெட்ட காலத்தில் அவ்வீதியால் போன தனது வாப்பா திரும்பி வரவில்லை என்று ராத்தா சொன்னார். தமிழ்ச் சகோதரிகளுக்கும் இப்படி வேறு வீதிகளும் வேறு சந்திகளும் உண்டு. வரைபடத்தில் சமதரையாகத் தெரியும் வீதி எல்லோருக்கும் சமதரை அல்ல.

எனவே மகியங்கனை வழியைத் தெரிவு செய்து, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு புறப்படுவதென முடிவெடுத்தோம். வாந்தி வருபவர்களை முன் ஆசனங்களில் இருத்தினோம். காலையில் எண்ணெய்ச் சாப்பாடு கொடுக்கவில்லை. வளைவு ஏற முன்னர் அரை மணித்தியாலம் நிறுத்தி இறங்கி நடந்தோம். தேசிக்காய், இஞ்சி, பொலித்தீன் பை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. வாந்தி மாத்திரையை ஏறிய பிறகு குடித்துப் பயனில்லை, புறப்பட முன்னரே எடுக்க வேண்டும். வேறு மருந்து பாவிப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கான மருந்துகள் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருந்தன. கண்டியில் ஓர் இரவு தங்க நேர்ந்ததால் செலவு கூடியது. அதற்காக இன்னும் ஒரு மாதம் சேமித்தோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நாள் குறிப்பதும் இலேசாக இருக்கவில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை இருப்பதால் தமிழ்ப் பாடசாலைகளின் விடுமுறையோடு அவற்றின் விடுமுறை எப்போதும் பொருந்துவதில்லை. இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 2025 ஆகஸ்ட்டில் ஒரு வார நாளைத் தெரிவு செய்தோம். போயா தினத்திலும் சனி, ஞாயிறிலும் பூங்காக்களில் சனம் அதிகம். டிசம்பர் விடுமுறையைச் சிலர் விரும்பினார்கள். ஆனால் அது எமது கரையில் மழைக்காலம். அத்தோடு சுனாமி நினைவு நாளும் அந்த மாதத்தில்தான் வருகிறது.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுனாமி கொண்டு போனது. நீர்ப் பூங்காக்களில் செயற்கையாக அலை எழுப்பும் தடாகங்கள் இருப்பது வழக்கம். காக்கா இதை முன்கூட்டியே சொன்னதால், கடலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சாய்ந்தமருதுத் தாய் ஒருவரோடு ஆறுதலாகப் பேச முடிந்தது. அதன் பிறகு பிறந்த அவரது மகளுக்குத் தண்ணீரில் இறங்க ஆசை. தாய்க்கு அலைச் சத்தமே ஆகாது. மகளைத் தடுக்கவும் அவருக்கு மனமில்லை. முடிவில் அவரே ஒரு வழி சொன்னார்: "என்ட புள்ளைய ஒராள் கையில புடிச்சிக்கிட்டு இடுப்பளவு தண்ணிக்க மட்டும் நிக்கட்டும். நான் தண்ணி தெரியாத பக்கம் இரிக்கன்." அந்தப் பொறுப்பைப் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒருவர் ஏற்றுக்கொண்டார். இவை எல்லாம் கொப்பியில் எழுதப்பட்டன.

உடை பற்றியும் முன்னரே கேட்டறிவது அவசியம். நீரில் இறங்க எந்தத் துணிக்கு அனுமதி என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். உடலை மூடிய நீச்சல் உடையை ஏற்பார்களா என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டால் வாசலில் நின்று வெட்கப்படத் தேவையில்லை. மஹ்ரமான ஆண்துணை வேண்டும் என்று சில குடும்பங்கள் கேட்டன. ஒருவரின் தம்பியும் இருவரின் வளர்ந்த மகன்மாரும் கூட வந்தார்கள். பயணிகளுக்குள்ள ஜம்உ, கஸ்ர் சலுகைப்படி தொழுகை நேரங்களை வைத்துத் தரிப்பிடங்களைக் காக்கா குறித்துத் தந்தார். தமிழ்ச் சகோதரிகளின் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடும் அதே தாளில் இருந்தது.

அடுத்தது சாப்பாடு. எமது வீடுகளில் பயணம் என்றால் பெண்கள் இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சோறும் கறியும் ஆக்கிச் சட்டியோடு வாகனத்தில் ஏறுவார்கள். போன இடத்திலும் பரிமாறி, பாத்திரம் கழுவி, பைகளுக்குக் காவலிருந்து, வீட்டில் செய்த வேலையையே வெளியில் செய்துவிட்டு வருவார்கள். இம்முறை காலை இடியப்பப் பொதிகளை, சமைத்து விற்றுப் பிழைக்கும் ஒரு சகோதரியிடம் காசு கொடுத்து எடுத்தோம். பகல் சாப்பாடு கடையில். பூங்காவுக்குள் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, தாய்மார் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மணித்தியாலம் எந்தப் பொறுப்பும் இல்லை.

அந்த ஒரு மணித்தியாலத்தில் சிலர் ராட்டினம் ஏறினார்கள். நெசவுக்கார ராத்தா இரண்டு தரம் ஏறினார். ராட்டினத்தில் இருப்பவர்களின் கூச்சல் ஒருவருக்கு நெஞ்சிடி கொடுத்தது. அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய் இருத்த ஒரு மரநிழலை வந்தவுடனேயே பார்த்து வைத்திருந்தோம். பாண்டிருப்புத் தாய் ஒருவர் பாயை விரித்து நன்றாகத் தூங்கினார். எழும்பியதும், "பகலில படுத்து எத்தன வருசம்" என்றார். சாய்ந்தமருதுத் தாய் தண்ணீரின் பக்கம் வரவில்லை. மகள் தலை ஈரத்தோடு வந்தபோது துவாயால் துடைத்துவிட்டு, "குளிரா இரிந்திச்சா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் திரும்பும் வழியில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில், 147 ஏக்கர் பரப்பில், அவசரமில்லாமல் நடந்தோம்.

இப்படியொரு பயணத்தை ஒழுங்கு செய்ய நினைக்கும் சகோதரிகள் வாகனக்காரரிடம் சில விடயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்த வாடகையில் சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் அடங்குமா? மேலதிகக் கிலோமீற்றருக்கு எவ்வளவு? வாகனம் பழுதானால் மாற்று வாகனம் வருமா? காப்புறுதி உண்டா? முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு அவசியம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டு வீதிகள் பல மண்சரிவால் மூடப்பட்டதை மறக்க வேண்டாம். மழைக்காலத்தில் புறப்பட முன்னர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள்.

தூரப் பயணத்துக்கு வசதியில்லாவிட்டால் இங்கினியாகலை வரை ஒரு பகல் போய் வரலாம். தூரம் முக்கியமல்ல. வாடகையையும் நேரத்தையும் கணக்கெடுப்பது போல, ஒரு பெண்ணின் பயத்தையும் அவளது களைப்பையும் கணக்கில் எடுத்தால் பயணம் இலேசாகும். எமது சங்கத்தின் அடுத்த பயணக் கொப்பியில் முதற்பக்கம் பெயர்கள், இரண்டாம் பக்கம் யாருக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது. வாடகைக் கணக்கு மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது.