முருங்கை மரம் ஏறட்டும்

திரும்பத் திரும்ப வரும் எதிரிக்கு வாரந்தோறும் பலத்தை மட்டும் கூட்டினால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். அது திரும்பி வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பாணியில் அக்கா பிள்ளைகள் மூவருக்கும் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அமைத்தபோது, விக்கிரமாதித்தனின் வேதாளத்தையே எடுத்துக்கொண்டேன். விடை தெரிந்தும் மௌனமாக இருந்தால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். வாள் பலம் இங்கே உதவாது.

மூன்றாம் வாரம் விடை சொன்னது கடைக்குட்டி. வீட்டுக்கு யார் வந்தாலும் அறைக்குள் ஒளிந்துகொள்பவன், வகுப்பிலும் வாய் திறக்காதவன். வேதாளம் பறந்தது. யாரும் அவனைக் கோபிக்கவில்லை. “மாமா, அடுத்த கேள்வி?” என்றான்.

வேதாளத்திடம் 25 கதைகள் உண்டு. பிடிபட அவசரமில்லை.