என் லேப்டாப்ல ஓடுதேடா!

போன வருடம் எங்கள் துறை விழாவுக்குப் பெயர் பதிவு செய்யும் தளத்தை எழுதியது நான். அதைக் கல்லூரி சர்வரில் ஏற்றி ஓடவிடுவது நண்பன் பொறுப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு ஜிப் கோப்பை அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். ஏற்றினால் பாதிப் பக்கம் வரவில்லை. அவன் போன் செய்தபோது தூக்கக் கலக்கத்தில் நான் சொன்னது, "மச்சி, என் லேப்டாப்ல நல்லா ஓடுதேடா." அவன் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது :-)

காரணம் ரொம்ப அற்பம். என்னுடையது விண்டோஸ். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தாலும் அது கண்டுகொள்ளவில்லை. சர்வரில் இருந்தது லினக்ஸ். அதற்கு அவை வேறு வேறு கோப்புகள். முன்னாடியே அவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். ரெண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இதே கூத்து பெரிய இடத்தில் நடந்தால்? நைட் கேப்பிட்டல் என்று ஒரு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று புது நிரலோடு சந்தைக்கு வந்தார்கள். மொத்தம் எட்டு சர்வர். ஏழில் ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் கிடையாது. அந்த எட்டாவது சர்வரில் பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் அதே கொடியைத்தான் புது நிரல் வேறு வேலைக்கு எடுத்திருந்தது. சந்தை திறந்ததும் பழசு விழித்துக்கொண்டு கண்டபடி வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. பதறிப்போய், ஏழு சர்வர்களிலும் சரியாக இருந்த புது நிரலை நீக்கினார்கள். அங்கேயும் பழசு ஓட ஆரம்பித்தது! 45 நிமிடத்தில் நஷ்டம் 46 கோடி டாலர்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது இன்னொரு விஷயம். சந்தை திறக்கும் முன்பே இந்தக் கோளாறைக் குறிப்பிட்டு அவர்களுடைய சிஸ்டமே 97 மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அவற்றை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியவருக்குத் தெரிந்தது ஏற்றியவருக்குத் தெரியாமலும், ஏற்றியவர் பார்ப்பது எழுதியவர் கண்ணில் படாமலும் இருந்தால் 97 என்ன, 970 வந்தாலும் இதே கதைதான்.

இந்த இரண்டு கூட்டமும் ஏன் மாமியார் மருமகள் மாதிரி இருக்கிறார்கள்? குணத்தில் கோளாறில்லை, கணக்கில்தான் கோளாறு. புதுசாக எதையாவது கொண்டுவந்தால் டெவலப்பருக்குப் பாராட்டு. எதுவும் படுக்காமல் இருந்தால் ஆபரேஷன்ஸ்காரருக்குப் பாராட்டு. எதுவும் மாறாவிட்டால் எதுவும் படுக்காது என்பது அவருடைய நியாயம். அதுவும் சரிதானே?

2009 ஜூனில் ஃப்ளிக்கரின் ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் இருவரும் ஒரே மேடையில் பேசினார்கள். ஒருவர் ஆபரேஷன்ஸ், மற்றவர் டெவலப்மென்ட். தங்கள் தளத்தில் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் நிரல் ஏற்றுவதாகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்து ஏற்றிக்கொண்டிருந்த பலருக்கு அது நம்ப முடியாத எண்ணிக்கை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், உடைந்தாலும் எது உடைத்தது என்று சட்டென்று பிடித்துவிடலாம். அளவீடுகளை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். உடைந்தால் முதலில் சரி செய்வது, ஆளைத் தேடித் திட்டுவதில்லை. பெல்ஜியத்தில் இருந்து அதைப் பார்த்த பாட்ரிக் டெபுவா, அதே வருடம் அக்டோபரில் கென்ட் நகரில் ஒரு கூட்டம் போட்டார். 'டெவ்ஆப்ஸ்' என்ற பெயர் பரவியது அங்கிருந்துதான்.

அப்புறம் நம்மாட்கள் என்ன செய்தார்கள்? டெவ்ஆப்ஸ் என்று மூன்றாவதாக ஒரு டீமைப் பல இடங்களில் உருவாக்கினார்கள். இப்போது சண்டை போட மூன்று பேர் :-(

இந்த வருடத் தளத்தையும் நாங்கள் இருவரும்தான் செய்கிறோம். முதல் நாளே அவன் கொடுத்த லினக்ஸில்தான் எழுத ஆரம்பித்தேன். சர்வர் பிழைகள் இரண்டு பேர் போனுக்கும் வரும்படி செய்திருக்கிறான். நேற்று ராத்திரி ரெண்டு மணிக்கு ஒன்று வந்தது. தப்பு என்னுடையதுதான். இந்த முறை நானும் முழித்திருந்தேன்.