வெள்ளிக்கிழமைக் கணக்கு

ஒரு படத்தின் கதையைப் பற்றி என் தோழிகள் மணிக்கணக்கில் பேசுவார்கள். எவ்வளவு வசூல் என்று பேச்சு திரும்பினால் மட்டும் முகம் சுளிப்பார்கள். அது ரசிகர் மன்றத்துப் பையன்களின் சண்டை, நமக்கெதற்கு என்பது அவர்கள் எண்ணம். என்னால் அப்படி விலக முடியவில்லை. ஆறு ஆண்டுகள் ஒரு பட விநியோக அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். அடுத்த படம் யாரை வைத்து எடுக்கப்படும் என்பதை அந்தக் கணக்குதான் முடிவு செய்தது.

விளம்பரத்தில் போடும் தொகை அப்படியே தயாரிப்பாளர் கைக்கு வருவதில்லை. டிக்கெட் விலையில் ஜி.எஸ்.டி.யும் கேளிக்கை வரியும் போக, மிச்சத்தைத் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். பொதுவாக முதல் வாரத்தில் விநியோகஸ்தரின் பங்கு அதிகம். வாரம் போகப் போக அது குறையும். அதனால் முதல் மூன்று நாள்தான் உயிர்.

சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை - ராமநாதபுரம், திருச்சி - தஞ்சை, சேலம், நெல்லை - குமரி என்று ஏரியா ஏரியாவாகப் படத்தை விற்பார்கள். அப்போது கேட்கும் முதல் கேள்வி: "ஹீரோவோட போன படம் என்ன பண்ணுச்சு?" மினிமம் கேரண்டி கொடுத்து வாங்கிய படம் விழுந்தால் நஷ்டம் வாங்கியவர் தலையில். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த மூன்று நாளில் தியேட்டரில் உட்கார்ந்திருப்பது யார்? வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு வேலையை விட்டுக் கிளம்ப எத்தனை பெண்களால் முடியும்? பிள்ளைகளுக்கு லீவு வர வேண்டும், சமையல் முடிய வேண்டும், பக்கத்து வீட்டில் யாராவது "நல்லா இருக்கு, போய்ப் பாரு" என்று சொல்ல வேண்டும். அதற்குள் இரண்டாவது வாரம் வந்துவிடும். நூறு நாள் ஓடிய காலத்தில் சினிமாக்காரர்கள் 'தாய்க்குலத்தின் ஆதரவு' என்று போஸ்டர் ஒட்டினார்கள். இப்போது தாய்க்குலம் வந்து சேரும்போது படத்தைத் தூக்கியிருப்பார்கள்.

"ஹீரோயின் சப்ஜெக்ட் ஓடாதும்மா" என்பார் எங்கள் மேனேஜர். ஹீரோ படம் விழுந்தால் மழை, பரீட்சை, கதை சரியில்லை என்று நூறு காரணம். கதாநாயகி படம் விழுந்தால் காரணம் ஒன்றே ஒன்று, அவள் பெண். 2015இல் '36 வயதினிலே', 2017இல் 'அறம்' என்று எதைச் சொன்னாலும், "அது விதிவிலக்கு" என்பார்.

அதே அளவுகோல் என் மீதும் விழுந்தது. தியேட்டர்களுக்குப் போய் டிக்கெட் விற்பனையைச் சரிபார்க்கும் பிரதிநிதிகளுக்குச் சம்பளத்தோடு படியும் உண்டு. என்னையும் அனுப்பச் சொன்னேன். "லேடீஸை நைட் ஷோவுக்கு அனுப்ப முடியாது" என்றார்கள். சம்பள உயர்வு கேட்டபோது, "நீங்க ஃபீல்டுக்கே போகலையேம்மா" என்றார்கள். வாய்ப்பைத் தராமலே வசூலைக் கேட்கும் இந்த வழக்கத்தைக் கதாநாயகிகளிடம் பார்ப்பதற்கு முன் என்னிடமே பார்த்துவிட்டேன். அங்கிருந்து வெளியே வந்ததற்கும் அதுதான் காரணம்.

2020 ஊரடங்கில் ஜோதிகாவின் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. அந்த நிறுவனத்தின் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் எச்சரித்தார்கள். வீட்டிலிருந்தே பார்க்க முடிந்ததில் நம்மில் பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படத்துக்குத் தியேட்டர் வசூல் என்ற எண்ணே கிடையாது. அடுத்த படத்துக்கு விலை பேச உட்காரும்போது மேசையில் எடுத்து வைக்க அந்த நடிகைக்கு ஓர் எண் குறைகிறது.

எண் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023இன் 'பார்பி' ஒரு சாட்சி. கிரெட்டா கெர்விக் இயக்கிய அந்தப் படம் உலகெங்கும் 140 கோடி டாலருக்கு மேல் வசூலித்து அந்த ஆண்டின் முதலிடத்தைப் பிடித்தது. பெண்கள் தியேட்டருக்கு வரமாட்டார்கள் என்று அதன் பிறகு ஹாலிவுட்டில் யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

வசூல் ஒரு படத்தின் தரத்தைச் சொல்லாது. யாருடைய கதைக்குப் பணம் போடலாம் என்பதை அது சொல்கிறது. அதனால்தான் அதை நாம் பையன்களிடம் விட்டுவிடக் கூடாது என்கிறேன். முடிந்தவர்கள் முதல் ஞாயிறுக்குள் போய்ப் பாருங்கள். எல்லோராலும் முடியாது என்று தெரியும். ஆனால் பெண் படம் ஓடவில்லை என்று யாராவது சொன்னால், எத்தனை தியேட்டர் கொடுத்தார்கள், எந்த நேரக் காட்சி, எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று திருப்பிக் கேட்க எல்லோராலும் முடியும்.