நேனூ!

வேப்பனப்பள்ளிக்கு நான் ஆசிரியனாக வந்த புதிது. அடுத்த தோப்பில் மாங்காய் களவு போயிற்று. "பறித்தது யார்?" என்றேன். தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "நேனூ" என்றான். அவனை மட்டும் பெஞ்சின்மேல் ஏற்றினேன்.

மறுநாள் வேறிருவர் தாமாக வந்து ஒப்புக்கொண்ட பிறகே விஷயம் விளங்கிற்று. தெலுங்கில் 'நேனு' என்றால் நான். ஈற்றுயிர் நீண்டு 'நேனூ' என்றால் நானும்! அந்த ஒரு மாத்திரை என் செவியில் ஏறவில்லை.

நிற்க. பல்லாண்டு கழித்துத் துருக்கி இலக்கணம் ஒன்றைப் புரட்டினேன். அங்கே 'பென்' என்றால் நான். 'பென் தெ' என்றால் நானும். 'வந்ததை அறிவேன்' என்று வினையைப் பெயராக்கி நாம் வேற்றுமையுருபு சேர்ப்பதுபோலவே அவர்களும் சேர்க்கிறார்கள். இவைபோன்ற ஒற்றுமைகளைக் கண்டே கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்குச் சித்திய உறவு கற்பித்தார். அவ்வுறவை இன்றைய அறிஞர் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஒற்றுமையோ கண்கூடு.

நன்னூலின் எச்சவும்மையை ஆண்டுதோறும் பாடஞ் சொன்னவன் நான். ஆயினும் அன்று, அவன் பறித்தான் என்பதை அறிந்தேன். அவனும் பறித்தான் என்பதை அறிந்தேனில்லை.