பெயருக்கு மட்டும் இடம் விட்ட சீட்டு

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1455ஆம் ஆண்டளவில் கூட்டன்பர்க்கின் அச்சகம் ஏறத்தாழ 180 இலத்தீன் விவிலியப் படிகளை அச்சிட்டது. அதே நகரில், அதே காலத்தில், பாவமன்னிப்புச் சீட்டுகளும் அச்சாயின. அச்சீட்டுகளில் வாசகம் முழுவதும் ஆயத்தமாக இருந்தது. வாங்குபவரின் பெயரையும் நாளையும் எழுத மட்டும் இடம் விடப்பட்டிருந்தது.

கருவி ஒன்று, பயன் இரண்டு. விவிலியம் வாசகரைத் திருவசனத்தின் முன் நிறுத்தியது. சீட்டோ, மனந்திரும்புதல் என்னும் அகச்செயலுக்கு ஓர் ஆயத்தப் படிவத்தைத் தந்தது.

இன்றைய கிறிஸ்தவரின் கைப்பேசியிலும் இவ்விரண்டும் உள்ளன. பார்வை மங்கிய மூதாட்டிக்குத் திருமறையை வாசித்துக் காட்டும் செயலி முதல் வகை. துக்கவீட்டாருக்கு ஆறுதல் மடல் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும் என்ற நிலை வரும்போது, இரண்டாம் வகையாகிவிடுகிறது. மடலில் பிழை இராது. ஆனால் துயருற்றவரோடு உடன் அழ அங்கு எவரும் இல்லை.

கருவியை விலக்குவது விசுவாசம் அன்று. எவ்வுழைப்பை அதனிடம் ஒப்படைக்கலாம், எதனை ஒப்படைக்கலாகாது எனப் பகுத்தறிவதே ஞானம். மன்னிப்புக் கேட்பதும், பிறருக்காக மன்றாடுவதும், துக்கவீட்டின் படியேறுவதும் ஒப்படைக்கத்தக்கவை அல்ல.