லிங்க் இருந்தால் போதும்

திருப்பூரில் எங்க அப்பாவுக்கு சின்னதா ஒரு பிரிண்டிங் யூனிட். பனியன் கம்பெனிகளில் இருந்து வெட்டிய துணி வரும். ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டுத் திருப்பி அனுப்புவோம். வேலைக்கு ஒன்பது பேர். நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் வரைக்கும் எல்லாக் கணக்கும் கார்பன் பேப்பர் வைத்த பில் புக்கில்தான்.

"கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணு இருக்கிற வீட்டுல இன்னும் பில் புக்கா?" என்று முதல் செமஸ்டர் லீவில் நானேதான் ஆரம்பித்தேன். கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர். இன்வாய்ஸ் ஷீட், டெலிவரி சலான், ஜிஎஸ்டி பேப்பர், கேன்சல் செய்த செக், வேலை செய்பவர்களின் ஆதார் நகல், எல்லாமே அதற்குள். அப்பாவுக்கும் கணக்கு எழுதும் அண்ணாவுக்கும் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. அதனால் "லிங்க் இருக்கும் யாரும் எடிட் செய்யலாம்" என்று செட்டிங்கை மாற்றி, லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. அப்பா பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொன்னார்.

அந்த லிங்க் அதுபாட்டுக்கு ஊர் சுற்றியது. ஆடிட்டர் ஆபீஸ், பார்ட்டிகள், சாயம் சப்ளை செய்பவர், வேலையை விட்டு நின்றவர்கள் இன்னும் இருக்கிற பழைய குரூப். யாரிடம் எல்லாம் போயிருக்கு என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

போன செப்டம்பரில் ஹாஸ்டலுக்கு அப்பா போன் செய்தார். "ஏனம்மிணி, நம்ம பில்லுல பேங்க் நம்பர மாத்துனியா?"

நான் மாற்றவில்லை. 12 வருஷமாக எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி, 1,84,000 ரூபாயை ஒன்பது நாள் முன்னாடியே அனுப்பிவிட்டது. பில்லில் இருந்த அக்கவுண்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த அக்கவுண்ட் எங்களுடையது இல்லை. யாரோ ஷீட்டைத் திறந்து அக்கவுண்ட் நம்பரையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். யார் என்று பார்க்க வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அனானிமஸ்". லாகின் இல்லாமலே எடிட் செய்யலாம் என்று திறந்துவிட்டது நான்தானே!

1930-க்கு கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம். பணம் போன கொஞ்ச நேரத்திலேயே கூப்பிட்டால், அது அடுத்த அக்கவுண்டுக்குப் போவதற்குள் பேங்கில் நிறுத்த வாய்ப்பு உண்டு. நாங்கள் கூப்பிட்டது ஒன்பது நாள் கழித்து. அந்த அக்கவுண்டில் ஒன்றும் மிச்சம் இல்லை.

நஷ்டத்தை ஆளுக்குப் பாதி என்று கம்பெனிக்காரர் பேசி முடித்தார். தீபாவளி போனஸ் கொடுக்க அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

இதில் யாரும் சர்வரை உடைக்கவில்லை, பாஸ்வேர்டைத் திருடவில்லை. கிளவுட் பேப்பரில் "ஷேர்டு ரெஸ்பான்சிபிலிட்டி" 13 மார்க் கேள்விக்கு நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சர்வரையும் டிஸ்க்கையும் காப்பது கிளவுட் கம்பெனியின் பொறுப்பு; யாரை உள்ளே விடுவது என்பது நம் பொறுப்பு. பரீட்சைக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியவில்லை.

பெரிய கம்பெனிகளும் பொய் பில்லில் ஏமாந்திருக்கின்றன. 2013-க்கும் 2015-க்கும் நடுவில் லிதுவேனியாக்காரர் ஒருவர், தைவானில் இருக்கும் சப்ளையரின் பெயரிலேயே வேறொரு கம்பெனியைப் பதிவு செய்து, கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் பொய் இன்வாய்ஸ் அனுப்பி 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019-ல் அவருக்கு 5 வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. அங்கேயும் பில்லைப் பார்த்தவர்கள் அதை நம்பித்தான் பணம் போட்டார்கள்.

அந்த லீவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது ஃபோல்டரைத் திறக்க மூன்று மெயில் ஐடிக்கு மட்டும்தான் அனுமதி. மூன்றிலும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டாச்சு. ஆதார் நகல்கள் தனி ஃபோல்டரில். பார்ட்டிக்கு ஷீட் போகாது, பிடிஎஃப் மட்டும்தான். யாராவது வேலையை விட்டு நின்றால் அன்றைக்கே அவருடைய அனுமதியை எடுத்துவிடுவோம். மாசம் ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து பீரோவில் வைக்கிறோம்.

கடைசி ரூல் அப்பா போட்டது. எந்த பார்ட்டி ஆனாலும், பேங்க் நம்பர் மாறியிருந்தால் பில்லில் இருக்கும் போன் நம்பரைக் கூப்பிடக் கூடாது. முன்னாடியே நம்மகிட்ட இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, குரலைக் கேட்ட பிறகுதான் பணம். "கார்பன் பில்லுல அடிச்சுத் திருத்துனா கண்ணுக்குத் தெரியும் அம்மிணி. இதுல தெரிய மாட்டேங்குது. அப்ப வாயால கேட்டுக்கோணும்" என்றார். என் சிலபஸில் இது இல்லை.

போன வாரம் நம்ம சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் ஷீட்டை மொபைலில் லாகின் இல்லாமல் திறந்து பார்த்தேன். எல்லார் பெயரும் போன் நம்பரும் பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட்டும் அப்படியே இருந்தது. எடிட்டும் செய்ய முடிந்தது. கோஆர்டினேட்டரிடம் சொல்லி அன்றைக்கே மூட வைத்தேன். உங்க டிரைவிலும் இப்படி ஒன்று இருக்கும். இதைப் படித்து முடித்ததும் ஷேரிங்கை ஒரு தடவை திறந்து பாருங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்.